மூன்று எண்ணெய் குடித்த பிக்கப்

பழைய வண்டிக்கு வேறு எஞ்சின் போட வேண்டும். கையில் காசு மட்டுமட்டு. எங்கே தொடங்குவது, எதில் மிச்சம் பிடிப்பது, எதில் பிடிக்கவே கூடாது? விடத்தல்தீவுக் கரையிலிருந்து ஒரு கணக்கு.

விடத்தல்தீவின் பெயரில்தான் தீவு இருக்கிறது. ஊர் இருப்பது பெருநிலத்தில். மன்னார்த் தீவுக்கு வடக்கே, ஏ-32 வீதியின் கடல் பக்கத்தில். முன்னால் ஆழம் குறைந்த கடல், கண்டல் காடு, வெயிலில் உப்புப் பூத்துக் கிடக்கும் வெளி. நண்டும் இறாலும் மீனும் கரைக்கு வந்து, நிறுத்து, ஐஸ் பெட்டிக்குள் அடுக்கியாயிற்று என்றால் அதற்குப் பிறகு எல்லாம் நேரக் கணக்கு. ஐஸ் உருகுவதற்குள் மன்னார் போய்ச் சேர வேண்டும். எந்த வண்டியில் வந்தது என்று சந்தை கேட்காது. எத்தனை மணிக்கு வந்தது என்றுதான் பார்க்கும்.

அந்த ஓட்டத்துக்கு ஒரு பழைய பிக்கப்பைத் தேற்றி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒஸ்டின் ஏ-40. 1940களின் கடைசியில் இங்கிலாந்தில் பிறந்த இனம். 1,200 சிசி, 40 குதிரைவலு, பின்னால் அரைத் தொன் சாமான் ஏற்றத் தட்டு. பனையோலைக் கொட்டிலுக்குள் நாலு கல்லின் மேல் நிற்கிறது. பொனற்றைத் தூக்கினால் எலிக்கூடு. வயதை அறியப் புத்தகம் தேவையில்லை, இலக்கத் தகடு போதும். இரண்டு ஆங்கில எழுத்து இருந்தால் 1957க்கு முந்தியது. சிங்கள ‘ஸ்ரீ’ இருந்தால் பிந்தியது. அந்த ஓர் எழுத்துக்காகத் தமிழ்ப் பகுதிகளில் தார் வாளியோடு போராட்டமே நடந்தது. தகட்டுக்கே இவ்வளவு கதை இருந்தால், பொனற்றுக்குள் எவ்வளவு இருக்கும்?

வேறு நாடுகளில் பழைய பிக்கப்புக்கு எஞ்சின் மாற்றுவது பெரும்பாலும் வேகத்துக்காக. வார இறுதியில் மெருகேற்றி, கண்காட்சிக்குக் கொண்டுபோய் நிறுத்துவதற்காக. வடக்கில் அப்படி அல்ல. இங்கே எஞ்சினை மாற்றியது எரிபொருள்தான். எந்த எண்ணெய் கிடைத்ததோ, எது மலிவாக இருந்ததோ, அதற்கேற்ப வண்டி தன் வயிற்றை மாற்றிக்கொண்டது. இன்று புதிதாக ஓர் எஞ்சினைத் தேடிப் போகிறவர் அந்தக் கதையைத் தெரிந்துகொண்டு போனால், வாங்கத் தேவையில்லாத பல சாமான்களை வாங்காமல் தப்பலாம்.

மண்ணெண்ணெய்க் காலம்

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளுக்குப் பெற்றோலும் பற்றரியும் போவது தடைப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் விடத்தல்தீவு உட்பட வடக்கின் முஸ்லிம் மக்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். கையில் பிடித்ததோடு அவர்கள் புத்தளம் பக்கம் போனார்கள். எஞ்சியவர்களுக்குக் கிடைத்த எண்ணெய் மண்ணெண்ணெய். விளக்குக்கும் அதுதான், அடுப்புக்கும் அதுதான். கடைசியில் காருக்கும் அதுவே ஆயிற்று.

அப்போது புதிய வண்டிகளை விடப் பழசுகளே கைகொடுத்தன. ஏ-40, சோமசெட், மொரிஸ் மைனர், கேம்பிரிட்ஜ் ஆகியவை ஓடின. காரணம் எளிது. இந்த எஞ்சின்கள் பிறந்த காலத்தில் பெற்றோலின் தரமே தாழ்வு. ஆகையால் சிலிண்டருக்குள் கலவையை அதிகம் அழுத்தாமல், ஏறத்தாழ ஏழில் ஒன்றாகச் சுருக்கும்படி அமைத்தார்கள். அழுத்தம் கூடினால் மண்ணெண்ணெய் முந்திக்கொண்டு வெடிக்கும். பிஸ்டனில் சுத்தியலால் அடித்தாற்போல் நொக் அடிக்கும். அழுத்தம் குறைந்த கிழட்டு எஞ்சின் அதைப் பொறுத்துக்கொண்டது. இன்னும் பொறுக்க வைக்க, ஹெட் காஸ்கட்டை இரட்டித்துப் போட்டு அழுத்தத்தைக் குறைப்பதும், தீப்பொறி விழும் நேரத்தைச் சற்றுப் பிந்தச் செய்வதும் வழி.

தொடக்கம்தான் தொல்லை. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. சிறு போத்தலில் பொன்போல் சேர்த்த பெற்றோலைச் சில துளி காபரேற்றருக்குள் விட்டு உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். மீனவருக்கு இது புதுமை அல்ல. வள்ளத்தில் பூட்டும் மண்ணெண்ணெய் மோட்டரும் பெற்றோலில் எழும்பி மண்ணெண்ணெயில்தான் ஓடுகிறது. உலகுக்கும் புதுமை அல்ல. இங்கிலாந்தின் பேர்குசன் டிராக்டரில் ஒரு வகை இதே முறையில், பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் இனத்து எண்ணெயில் உழுதது. ஆனால் அதைத் தொழிற்சாலை செய்தது. இங்கே கராஜ்காரர் செய்தார், வெளியிலிருந்து ஒரு காஸ்கட் கூட வராத நாளில்.

இதற்கும் விலை உண்டு. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலை நீராக்கும். நீர்த்த ஒயிலில் பெயரிங் தேயும். பிளக்கில் கரி ஏறும். அந்தக் காலத்தைக் கடந்த ஓர் எஞ்சினை இன்று கழற்றினால் சிலிண்டர் சுவரில் விரல் வைத்தாலே தெரியும் பள்ளமும், நிறம் மாறிய பெயரிங்கும் வரலாறு சொல்லும். விற்பவர் ‘ஒரிஜினல் எஞ்சின்’ என்று பெருமையாகச் சொன்னால், எந்த எண்ணெயில் ஓடிய ஒரிஜினல் என்று கேட்பது நல்லது.

டீசல் வந்தது, விலை போனது

2002 ஏப்ரலில் போர்நிறுத்தத்தின் கீழ் ஏ-9 வீதி திறந்தது. தடைப்பட்டிருந்த எரிபொருளும், தெற்கில் ஏற்கெனவே பெருகியிருந்த ஜப்பான் வான்களும் வடக்குக்கு வந்தன. டொயோட்டா லைட் ஏஸ், டவுன் ஏஸ், நிசான் வனெற் ஆகியவற்றோடு அவற்றின் டீசல் எஞ்சின்களும் வந்தன. இலங்கையில் டீசல் நெடுங்காலம் பெற்றோலை விட மலிவு. பழைய கேம்பிரிட்ஜின் வயிற்றில் டீசல் எஞ்சினை இறக்குவது அந்தக் கணக்கில் பிறந்த வழக்கம். பாக்கு நீரிணைக்கு அக்கரையிலும் இதே கதைதான். தமிழ்நாட்டில் பெற்றோல் அம்பாசிடர்களுக்கு மெட்டடோர் வான் டீசல் எஞ்சினை மாற்றிப் பூட்டி வாடகைக்கு ஓட்டினார்கள். எஞ்சின் மாற்றத்துக்குக் கடல் தடையில்லை; எண்ணெய் விலைதான் எல்லை.

இடையில் 2006 ஓகஸ்டில் ஏ-9 மீண்டும் மூடியது. 2008 ஜூலை 16ஆம் தேதி விடத்தல்தீவை இராணுவம் கைப்பற்றியது. போரோடு போராய் வன்னியின் சனம் டிராக்டரிலும் லொறியிலும் பிக்கப்பிலும் சாமான் ஏற்றிக் கிழக்கே நகர்ந்தது. 2009 மேயில் எல்லாம் முடிந்தபோது முல்லைத்தீவுக் கரையோரம் வண்டிகள் குவியல் குவியலாக நின்று துருப்பிடித்தன. வடக்கின் பழைய பிக்கப்புகள் எத்தனையோ அங்கே பழைய இரும்பாகப் போயின. கொட்டிலில் நிற்கும் ஒன்று தப்பிய ஒன்று என்பதை மறக்கக் கூடாது.

பிறகு வந்தது 2022. அந்த ஜூன் மாத இறுதியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய், டீசல் 460. பல ஆண்டாக டீசலுக்கு மாறியவர்கள் நம்பியிருந்த வித்தியாசம் பத்து ரூபாயாகச் சுருங்கியது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரே தாவலில் 340 ஆனது. கடற்கரையெங்கும் மீனவர்கள் வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டு யோசித்த நாட்கள் அவை. எரிபொருள் கியூஆர் அட்டையில் காருக்கு வாரம் 20 லீற்றர்தான் எழுதியிருந்தார்கள். விலை பின்னர் இறங்கியது, அட்டையும் போனது. ஆனால் பாடம் நின்றுவிட்டது: எண்ணெயின் விலையை நம்பி எஞ்சினைத் தெரிவு செய்யாதே. விலை வருடத்துக்கு வருடம் மாறும். பூட்டிய எஞ்சின் பத்து வருடம் இருக்கும்.

அப்படியானால் எதை நம்புவது? ஏற்றும் பாரத்தையும் ஓடும் வீதியையும்.

எத்தனை குதிரை வேண்டும்?

மன்னார் மாவட்டம் தட்டை. விடத்தல்தீவிலிருந்து மன்னார் வரை ஏற்றம் என்று சொல்ல ஒரு பாலத்தின் முதுகு இருக்கலாம், அவ்வளவுதான். வண்டி, ஐஸ் பெட்டி, ஓட்டுநர், கூட வரும் ஆள் எல்லாம் சேர்ந்து ஒன்றரைத் தொன் என்று வைத்து, மணிக்கு 60 கிலோமீற்றரில் ரயர் உராய்வையும் காற்றுத் தடையையும் கூட்டிப் பாருங்கள். தட்டை வீதியில் அந்த வேகத்தைப் பிடித்து வைக்கத் தேவைப்படுவது 10, 12 குதிரைவலு. தென்றல் எதிர்த்து அடித்தால் இன்னும் சில. பஸ்ஸை முந்தவும் கடற்கரை மணலில் இருந்து ஏறவும் கையிருப்பு வேண்டும். அதையும் சேர்த்தாலும் 50, 60 தாராளம்.

பிறந்தபோது இருந்த 40 குதிரையே கிட்டத்தட்ட போதும் என்பதுதான் இதன் பொருள். ‘டிமோ பட்டா’ என்று நாம் கூப்பிடும் டாட்டா ஏஸ் 2005இல் இந்தியாவில் அறிமுகமானபோது அதன் எஞ்சின் 702 சிசி, 16 குதிரைவலு. அந்த 16 குதிரையில்தான் மரக்கறியும் மீனும் சீமெந்தும் வடக்கெங்கும் ஓடின. நூற்றுப் பத்துக் குதிரைக்கு ஆசைப்படுகிறவர் அந்தப் பட்டாவை ஒரு தரம் நினைத்துக்கொள்ளட்டும்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிழைப்புக்கு மட்டும்தான் வண்டி என்றால் பாவித்த பட்டா ஒன்றை வாங்குவது புத்திசாலித்தனம். பழைய பிக்கப்பைத் தேற்றுவதில் ஆசையும் ஒரு பங்கு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறக்கும் வரை பாவித்த வண்டிகள் எட்டாத விலைக்குப் போயின. அப்போது அந்த ஆசைக்குக் கணக்கும் துணை நின்றது. இப்போது ஆசையே முன்னுக்கு நிற்கிறது. அதில் தப்பில்லை. ஆசை என்று தெரிந்துகொண்டு செலவழித்தால் சரி.

முதலில் முதுகெலும்பு

கராஜுக்குள் எஞ்சின் பேச்சை எடுக்குமுன் வண்டிக்குக் கீழே படுத்துப் பார்க்க வேண்டும். ஏ-40 பிக்கப்புக்குத் தனிச் சேசிஸ் உண்டு. அது வரம். எஞ்சின் தாங்கிகளைப் புதிதாக ஒட்ட இரும்பு இருக்கிறது. ஆனால் மன்னார்க் கரையின் உப்புக்காற்று வெளியிலிருந்து தின்னாது. சேசிஸின் பொந்துக்குள் புகுந்து உள்ளிருந்து தின்னும். மேலே பெயின்ற் பளபளக்கும், சிறு சுத்தியலால் தட்டினால் ‘டொக்’ என்று செத்த சத்தம் வரும். முன் கிறாஸ்மெம்பர், ஸ்பிரிங் தாங்கும் இடம், ஸ்ரியரிங் பெட்டி பூட்டிய இடம் என்ற மூன்றிலும் தட்டிப் பாருங்கள். ஐஸ் தண்ணீர் வடிந்த பின்தட்டின் அடியையும் விடாதீர்கள். மீன் ஏற்றிய வண்டிக்கு உப்பு கடலிலிருந்து மட்டும் வருவதில்லை.

செத்த சத்தம் கேட்டால் எஞ்சின் காசு அங்கே போகட்டும். உக்கிய சேசிஸில் நல்ல எஞ்சினைப் பூட்டுவது இற்ற கூரைக்குப் புது ஓடு போடுவது.

மூன்று வழிகள்

சேசிஸ் தேறியதும் மூன்று வழி திறக்கும். காசுப் பையைப் பார்த்துத்தான் தெரிவு.

முதல் வழி, இருக்கும் எஞ்சினையே எழுப்புவது. கழற்றிய சிலிண்டர் புளொக்கை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் போர் அடித்துப் பெரிய பிஸ்டன் போடலாம். போர் அடிக்க இரும்பு மீதம் இல்லாவிட்டால் ஸ்லீவ் இறக்கிப் பழைய அளவுக்கே கொண்டுவரலாம். கிராங்கைச் சாணை பிடித்து அளவு குறைந்த பெயரிங் போடலாம். ஹெட்டைத் தட்டையாக்கி வால்வு உட்காரும் இடத்தைப் புதுப்பிக்கலாம். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. 2002இல் இலங்கை ஈயம் கலந்த பெற்றோலை விட்டது. பழைய எஞ்சினின் வால்வு இருக்கைகளை அந்த ஈயம்தான் தேயாமல் காத்தது. ஆகவே ஹெட் கழற்றும்போதே கடினமான இருக்கைகளைப் பதித்துவிட வேண்டும். இரண்டாம் முறை கழற்றக் கூலி இரட்டை. மண்ணெண்ணெய்க் காலத்து இரட்டைக் காஸ்கட் இருந்தால் எடுத்துவிட்டு ஒன்றைப் போடுங்கள். அதிலேயே இழந்த வலுவில் ஒரு பங்கு திரும்பி வரும், செலவு ஒரு காஸ்கட். பலர் எஞ்சின் மாற்றித் தேடும் முன்னேற்றம் இந்த வேலையிலேயே கிடைத்துவிடுவதுண்டு.

இரண்டாம் வழி, சிறிய ஜப்பான் பெற்றோல் எஞ்சின். நிசானின் ஏ-12, ஏ-14, ஏ-15. டொயோட்டாவின் 4கே, 5கே. 1,200 முதல் 1,500 சிசி வரை. பாரம் குறைவு, பாகம் கிடைக்கும், எந்தக் கராஜிலும் கை பழகியது. முக்கியமாக, இவை பின்சக்கரம் உந்தும் வண்டிகளிலும் வந்தவை. எஞ்சின் நீளவாக்கில் கிடந்து பின்னால் கியர்பொக்ஸ் நீளும். அதுதான் நம் பிக்கப்புக்கும் வேண்டும். முன்சக்கரம் உந்தும் காரின் எஞ்சின் குறுக்கே கிடப்பது. எவ்வளவு மலிவாகத் தந்தாலும் அதை வாங்காதீர்கள்.

இதில் ஒரு வரலாற்றுச் சுவையும் உண்டு. 1952 டிசம்பரில் நிசான் நிறுவனம் ஒஸ்டினோடு ஒப்பந்தம் செய்து, 1953 முதல் ஏ-40 சோமசெட்டையும் பின்னர் ஏ-50 கேம்பிரிட்ஜையும் ஜப்பானில் கட்டியது. 1959 வரை அது நீடித்தது. கேம்பிரிட்ஜின் 1,489 சிசி எஞ்சினின் ஸ்ட்ரோக்கைக் குறுக்கி 988 சிசி எஞ்சின் ஆக்கித் தந்தவர் டொனால்ட் ஸ்டோன் என்ற அமெரிக்கர். 1957இன் டட்சன் 210 அதில் ஓடியது. நிசான் எஞ்சின் கட்டப் பழகிய பள்ளிக்கூடம் ஒஸ்டின். ஏறத்தாழ எழுபது வருடம் கழித்து நிசான் எஞ்சின் ஓர் ஒஸ்டினுக்குள் போய் உட்கார்ந்தால், படித்த பிள்ளை வாத்தியாருக்குச் சோறு போடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வீதியும் ஏ, வண்டியும் ஏ, எஞ்சினும் ஏ.

மூன்றாம் வழி டீசல். டொயோட்டா 2சி, நிசான் எல்டி-20 இரண்டுமே இரண்டாயிரம் சிசிக்குக் கிட்டியவை, வான்களில் வந்தவை. லீற்றருக்குக் கூடுதல் தூரம் தரும், மணலில் தாழ்ந்த சுற்றிலேயே இழுக்கும். ஆனால் பாரம் கூட. முன் ஸ்பிரிங் இறங்கும். 2சி எஞ்சினுக்குச் சூடேறினால் ஹெட் வெடிக்கும் என்ற பெயர் நாடெங்கும் உண்டு. மன்னார் வெயிலில் ரேடியேற்றரை நம்பித்தான் அந்த எஞ்சின் வாழ முடியும். அதிர்வு வேறு, எழுபது வருடத்துச் சேசிஸின் ஒவ்வொரு ஒட்டையும் அது சோதிக்கும். நாளாந்தம் நீண்ட ஓட்டம் உள்ளவருக்கு டீசல் கட்டும். காலையில் மன்னார் போய் மதியம் திரும்புகிறவருக்கு எரிபொருளில் மிஞ்சுவது மாற்றச் செலவை எட்டப் பல வருடம் பிடிக்கும்.

எஞ்சின் எங்கே வாங்குவது? கொழும்பு மருதானையின் பஞ்சிகாவத்தையில் தெரு முழுக்கப் பாவித்த எஞ்சின்கள் அடுக்கியிருக்கும். பாதி வெட்டிய வண்டியாக, அதாவது ‘ஹாஃப் கட்’டாக வந்ததைப் பார்த்து வாங்குவது மேல். எஞ்சின், கியர்பொக்ஸ், கிளச், வயரிங், ரேடியேற்றர் எல்லாம் ஒரே வண்டியின் சோடியாக இருக்கும். தனி எஞ்சின் மலிவு போலத் தோன்றும். பிறகு ஸ்ராட்டருக்கு ஒரு பயணம், கிளச் பிளேட்டுக்கு ஒரு பயணம், ஒரு கேபிளுக்கு இன்னொரு பயணம். மன்னாரிலிருந்து கொழும்புக்கு மூன்று முறை போய்வரும் செலவு எந்த பில்லிலும் ஏறாது, ஆனால் காசு போனது போனதுதான்.

பூட்டும் கணக்கு

புது எஞ்சினை அதன் சொந்தக் கியர்பொக்ஸோடு சேர்த்தே இறக்குவது மலிவு. பழைய கியர்பொக்ஸுக்கு எஞ்சினைப் பொருத்த இடையில் ஒரு தகடு கடைந்து, ஃபிளைவீலின் நடுவைப் பிசகாமல் பிடிக்க வேண்டும். அது தேர்ந்த லேத் ஆளின் வேலை. பிசகினால் கிளச் மாதத்துக்கு ஒன்று தின்னும்.

சோடியாக இறக்கும்போது பார்க்க வேண்டியது நாலு இடம். ஒயில் சம்ப் முன் கிறாஸ்மெம்பரிலும் ஸ்ரியரிங் தண்டிலும் முட்டாமல் இருக்கிறதா? கியர் நெம்பு ஓட்டுநரின் கைக்கு வருகிறதா? வான் கியர்பொக்ஸ் என்றால் இது தலையிடி. எஞ்சினின் பின்சரிவும் பின் அச்சின் மூக்குச் சரிவும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கிறதா? இல்லாவிட்டால் ஜொயின்ற் நடுங்கும். கடைசியாக, வெட்டி ஒட்டிய புரொப்பெல்லர் தண்டைச் சமநிலை பார்த்தார்களா? கயிறு கட்டித் தொங்கவிட்ட எஞ்சினை மரக்கட்டையில் நிறுத்தி, சக்கரம் தரையில் பாரத்தோடு நிற்க, எல்லாவற்றையும் அளந்த பிறகுதான் தாங்கியை ஒட்ட வேண்டும். அளக்கும் நாளுக்குக் கூலி கொடுக்க மனம் வராது. ஒட்டிய தாங்கியைத் திரும்ப வெட்டும் நாளுக்கு இரண்டு கூலி கொடுக்க நேரும்.

பின் அச்சு தனிக் கதை. ஏ-40இன் டிஃபரன்ஷலில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் பக்கத் தண்டு ஐந்து தரத்துக்கு மேல் சுற்றும். பாரம் இழுக்கப் பிறந்த அமைப்பு. நேர் கியரில் 60 கிலோமீற்றர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்குக் கிட்ட ஓடும். பெற்றோல் எஞ்சினுக்கு அது சுகம். 80ஐத் தொட்டால் 3,300. டீசல் அலறத் தொடங்கும். ஐந்து கியர் உள்ள பெட்டி அந்த அலறலை அடக்கும். டிஃபரன்ஷலை மாற்றும் செலவும் மிஞ்சும்.

வயரிங்கில் ஒரு பொறி உண்டு. அக்காலத்து ஒஸ்டினுக்குப் பற்றரியின் நேர்முனைதான் உடம்பில் பூட்டியிருக்கும். ஜப்பான் எஞ்சினின் ஒல்டர்னேற்றருக்கு எதிர்முனை உடம்பில் இருக்க வேண்டும். மாற்றாமல் தொடுத்தால் முதல் தீப்பொறியிலேயே ஒல்டர்னேற்றர் போகும். பழைய வயரைத் தடவி ஒட்டுப் போடுவதை விட முழுக்க இழுத்துப் புதிதாகக் கட்டுவது, உப்புக்காற்று ஊரில், நீண்ட நாளைக்கு மலிவு.

நிப்பாட்டுறது எப்படி?

“அண்ணை, ஓடுமா?”

“ஓடும் தம்பி. நிக்குமா எண்டு கேள்.”

பழைய வண்டிக்குப் புது எஞ்சின் போடும் எந்தக் கராஜிலும் கேட்க வேண்டிய பேச்சு இதுதான். நாற்பது குதிரைக்கு அளந்து வைத்த பிரேக் அறுபது குதிரைக்குக் காணாது. முதல் தலைமுறை ஏ-40களில் முன் சக்கரங்களுக்கு ஒயில் பிரேக், பின் சக்கரங்களுக்குத் தண்டு இழுக்கும் பிரேக். குறைந்தது வீல் சிலிண்டர், ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் புதுசாக வேண்டும். முடிந்தால் நாலு சக்கரத்துக்கும் ஒயில் பிரேக்கும், எஞ்சின் உறிஞ்சலில் இயங்கும் பூஸ்ரரும். டீசல் எஞ்சின் தானாக உறிஞ்சல் தராது. அதற்குத் தனிப் பம்ப் வேண்டும். இதையும் டீசல் கணக்கில் சேருங்கள்.

அடுத்தது தண்ணீர். இந்தக் கரையில் பல கிணறுகள் உவர். உவர்நீரை ரேடியேற்றருக்கு ஊற்றினால் உள்ளே உப்புப் படிந்து குழாய் அடைக்கும், அலுமினிய ஹெட்டை அரிக்கும். மழைநீரோ சுத்திகரித்த நீரோ எடுத்து, கூலன்ற் கலந்து ஊற்றுங்கள். ஒரு போத்தல் கூலன்றின் விலையில் ஒரு ஹெட் தப்பும்.

வடித்த பழைய ஒயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016இல் விடத்தல்தீவின் கடலும் கண்டலும் சதுப்பும் சேர்ந்த 29,180 ஹெக்டேரை இயற்கை ஒதுக்கிடமாக அறிவித்தார்கள். நண்டுக் குஞ்சும் இறால் குஞ்சும் வளர்வது அந்தக் கண்டலின் வேருக்குள். பின்னால் ஏற்றப்போகும் சரக்கு அங்கேதான் பிறக்கிறது. ஒயிலை மண்ணில் ஊற்றுவது சொந்தப் பிக்கப்பின் கூலியில் கைவைப்பது. கானில் பிடித்து வைத்து, சேகரிப்பவரிடம் கொடுங்கள்.

இவ்வளவையும் பார்த்தால் பட்ஜெட் எப்படிப் பிரியும் என்பது தெரிந்திருக்கும். கையில் உள்ளதை மூன்றாகப் பிரிக்கச் சொல்வேன். ஒரு பங்கு எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும். ஒரு பங்கு பிரேக், ரேடியேற்றர், வயரிங், சேசிஸ் ஒட்டுக்கு. மூன்றாவது பங்கைத் தொடவே வேண்டாம். அது கழற்றிய பிறகு தெரியவரும் சங்கதிகளுக்கு. எஞ்சினுக்கே முழுக்காசையும் கொட்டியவர்களின் வண்டிகள்தான் எஞ்சின் போட்ட பிறகும் கொட்டிலிலேயே நிற்கின்றன.

புத்தகத்தில் எழுதுவது

எல்லாம் முடிந்து வண்டி வீதிக்கு வருகிறது. இன்னும் ஒன்று இருக்கிறது, அதைத்தான் அநேகர் விட்டுவிடுகிறார்கள்.

வாகனப் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம், சிசி, எரிபொருள் மூன்றும் இருக்கும். எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அறிவித்து, பரிசோதகரிடம் வண்டியைக் காட்டி, மூன்றையும் திருத்த வேண்டும். புது எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று காட்ட, வாங்கிய பற்றுச்சீட்டும் அது நாட்டுக்குள் வந்த சுங்கப் பத்திரமும் தேவைப்படும். பஞ்சிகாவத்தையில் காசு எண்ணுமுன் இந்தத் தாள்களைக் கேளுங்கள். பிறகு கேட்டால் கடைக்காரருக்கு உங்கள் முகம் மறந்திருக்கும். புத்தகத்தில் ஒன்றும் பொனற்றுக்குள் ஒன்றும் இருந்தால் வீதித் தடையில் கேள்வி, விற்கும்போது விலை இறக்கம், விபத்தென்றால் காப்புறுதியோடு வழக்கு. புகைப் பரிசோதனைக்கும் அது எந்த எண்ணெய் வண்டி என்பது தெரிய வேண்டும்.

கொட்டிலில் நின்ற நம் ஏ-40இன் புத்தகத்தை விரித்தால் எரிபொருள் என்ற இடத்தில் ‘பெற்றோல்’ என்று இருக்கும். மண்ணெண்ணெய் என்று எழுதிய புத்தகத்தை யாரும் கண்டிருக்க மாட்டார்கள். விளக்குத் திரியைக் குறைத்து மிச்சம் பிடித்த எண்ணெயில் நோயாளியை ஆஸ்பத்திரிக்கும், மாப்பிள்ளையைக் கோயிலுக்கும், நெல்லை ஆலைக்கும் ஏற்றிப்போன வருடங்கள் எந்தப் பதிவிலும் ஏறவில்லை. அன்று எழுதவும் இடமில்லை, எழுதுவிக்கவும் ஆளில்லை.

இன்று இரண்டும் இருக்கிறது. ஐஸ் பெட்டியை ஏற்றுமுன் ஒரு நாளை அதற்கு ஒதுக்குங்கள். இந்த முறை என்ன எஞ்சின், என்ன எண்ணெய் என்று புத்தகத்தில் இருக்கட்டும்.